682-இல் தொடங்கும் பூட்டு

கொச்சியில் வாழும் நம்மவர் வீடுகளுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் 682 என்ற மூன்று இலக்கங்கள் முன்னால் நிற்கும். கோட்டைக் கொச்சிக்கு 682001, மட்டாஞ்சேரிக்கு 682002. நான் குடியிருக்கும் இடக்கொச்சிக்கும் தொடக்கம் அதே 682தான். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் இந்த ஆறு இலக்க அஞ்சல் எண் முறை நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற மத்திய அரசு அதிகாரி. அவர் சம்ஸ்கிருதத்தில் கவிதை எழுதியவரும்கூட. முதல் இலக்கம் 6 என்று கண்டதுமே கடிதம் தமிழ்நாடு, கேரளப் பக்கம் வரவேண்டியது என்று தெரிந்துவிடும். அடுத்து 8 என்றால் கேரளத்துக்குள் வந்தாயிற்று. மூன்றாவது இலக்கம் அதை எறணாகுளம் பக்கம் தள்ளிவிடுகிறது. ஒவ்வோர் இலக்கமும் நாட்டின் ஒரு பெரும் பகுதியை 'இங்கே இல்லை' என்று ஒதுக்கிவிடுகிறது. தபால்காரர் தேடவேண்டிய இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இந்த 682 வேறோர் இடத்திலும் தலைகாட்டுகிறது. கைப்பேசிகளில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் 'நம்பர் பூட்டு' புதிர் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். மூன்று சக்கரம் உள்ள ஒரு பூட்டுப் படம், அதன் கீழே ஐந்து வரிகள், 'இந்தப் பூட்டைத் திறக்க முடியுமா?' என்றொரு சவால். அதன் முதல் வரியே 682! உலகமெங்கும் சுற்றிய புதிருக்கும் நம் அஞ்சல் எண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தற்செயல்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த முதல் வரியைக் கண்டதும் தங்கள் வீட்டுப் பூட்டைப் பற்றியே கேட்பதுபோல் ஓர் உற்சாகம். ஆகவே சென்ற ஓணம் விடுமுறையில் இங்கே நடந்த ஒரு சிறுவர் போட்டிக்கு, 682-இல் தொடங்கும் புதிய பூட்டுப் புதிர் ஒன்றை ஒரு நண்பர் தயாரித்திருந்தார். அந்தப் புதிர் கிளப்பிவிட்ட வாதத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. முதலில் புதிர்.

பூட்டில் மூன்று இலக்கங்கள். 0 முதல் 9 வரை எதுவும் இருக்கலாம். ஒரே இலக்கம் இரண்டு முறை வராது. பூஜ்யம் முதலிலும் வரலாம். குறிப்புகள் நான்கு.

682: ஓர் இலக்கம் சரி, ஆனால் அதன் இடம் தவறு.
147: எதுவுமே சரியில்லை.
026: இரண்டு இலக்கங்கள் சரி, இரண்டுமே இடம் தவறு.
835: ஓர் இலக்கம் சரி, ஆனால் இடம் தவறு.

'ஓர் இலக்கம் சரி' என்றால் அந்த மூன்றில் ஒன்றே ஒன்று மட்டும் பூட்டில் இருக்கிறது என்று பொருள். மேலே படிக்குமுன் ஒரு பென்சிலும் பழைய காலண்டர்த் தாளும் எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் முயன்று பாருங்கள். அப்போதுதான் பின்னால் சொல்லப்போவதில் சுவை இருக்கும்.

முயன்றீர்களா? இனி கணக்குக்கு வருவோம். எந்தக் குறிப்பும் இல்லாத நிலையில் எத்தனை எண்கள் சாத்தியம்? முதல் சக்கரத்துக்குப் பத்து வழி, இரண்டாவதற்கு ஒன்பது, மூன்றாவதற்கு எட்டு. பெருக்கினால் 720. குறிப்புகளின் வேலை இந்த 720-ஐ ஒன்றாகக் குறைப்பது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பிள்ளைகளிடம் 'நான்கு குறிப்புகளில் எது பயனற்றது?' என்று கேட்டால் பலர் 'எதுவுமே சரியில்லை' என்ற குறிப்பைத்தான் காட்டுவார்கள். ஒன்றுமே கிடைக்கவில்லையே என்று அவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் எண்ணிப் பாருங்கள். 1, 4, 7 மூன்றும் போய்விட்டால் மிச்சம் ஏழு இலக்கங்கள்; 7 × 6 × 5 = 210 எண்கள். அதாவது ஒரே வரியில் 510 எண்கள் கழிந்தன. 'ஒன்று சரி, இடம் தவறு' என்ற குறிப்பு தனியாக எத்தனையை விட்டுவைக்கிறது? மூன்றில் எந்த இலக்கம் என்பதற்கு 3 வழி, அது போய் உட்காரக்கூடிய வேறு இடங்கள் 2, மற்ற இரண்டு இடங்களைக் குறிப்பில் இல்லாத ஏழு இலக்கங்களால் நிரப்ப 7 × 6 = 42 வழி. மொத்தம் 252. ஆக, 'ஒன்று இருக்கிறது' என்ற நல்ல செய்தியைவிட 'ஒன்றுமே இல்லை' என்ற கெட்ட செய்தி நமக்கு அதிகம் சொல்கிறது!

ஒன்று சரி, இடமும் சரி என்றால் மிஞ்சுவது 126. இரண்டு சரி, இரண்டும் இடம் தவறு என்றால் வெறும் 63. ஆகவே எண்ணிக்கைப்படி பார்த்தால் நம் புதிரில் மிகவும் கூர்மையானது மூன்றாவது குறிப்புத்தான். இருந்தாலும் நான் எப்போதும் 'ஒன்றுமே இல்லை' என்ற வரியிலிருந்துதான் தொடங்குவேன். காரணம், அதில் 'அல்லது' என்ற சொல்லே கிடையாது. மற்ற வரிகள் எல்லாம் 'இதுவாக இருக்கலாம், அல்லது அதுவாக இருக்கலாம்' என்று மென்று விழுங்கும். இது ஒன்றுதான் மூன்று இலக்கங்களைப் பெயர் சொல்லி வெளியே அனுப்புகிறது.

சரி, மிச்சமுள்ளவை 0, 2, 3, 5, 6, 8, 9. இப்போது முதல் குறிப்பையும் மூன்றாம் குறிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 682, 026. இரண்டிலும் 2 இருக்கிறது, 6 இருக்கிறது. மூன்றாம் குறிப்புப்படி 0, 2, 6 ஆகியவற்றில் இரண்டு பூட்டில் உண்டு. அந்த இரண்டும் 2, 6 என்று வைத்துக்கொண்டால் முதல் குறிப்பில் இரண்டு இலக்கங்கள் சரியாகிவிடும். அங்கேயோ ஒன்றுதான் சரி என்று சொல்லியிருக்கிறது. ஆகவே 2-உம் 6-உம் சேர்ந்து வர முடியாது. அப்படியானால் 0 நிச்சயம் உண்டு. அதனுடன் 2 அல்லது 6 இரண்டில் ஒன்று உண்டு. முதல் குறிப்பு சொன்ன அந்த ஒற்றை இலக்கமும் இதுவேதான். எனவே 8-க்கு இடமில்லை.

8 போனதும் நான்காம் குறிப்பு தெளிவாகிவிடுகிறது. 835-இல் ஒன்று சரி. அது 8 இல்லை என்றால் 3 அல்லது 5. இப்போது மூன்று இலக்கங்களும் ஏறக்குறைய தெரிந்துவிட்டன: ஒரு 0, 2, 6 இரண்டில் ஒன்று, 3, 5 இரண்டில் ஒன்று. எந்தக் குறிப்பிலும் பெயர்கூடச் சொல்லப்படாத 9, நாம் தொடாமலே வெளியேறிவிட்டதையும் கவனியுங்கள்.

இனி இடங்கள். 2 என்றால், முதல் குறிப்பு அது கடைசியில் இல்லை என்கிறது. மூன்றாம் குறிப்பு நடுவில் இல்லை என்கிறது. ஆகவே 2 இருந்தால் முதலிடத்தில்தான். 6 என்றால், முதலிடம் இல்லை, கடைசியும் இல்லை; ஆகவே நடுவில். 0 முதலிடத்தில் வராது. 3 நடுவில் வராது. 5 கடைசியில் வராது. இதுவரை வந்தவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு '360' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நண்பருடைய விடைத்தாளிலும் 360 என்றே இருந்தது. ஒவ்வொரு குறிப்போடும் பொருத்திப் பாருங்கள், எல்லாம் ஒத்துப்போகும்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் மட்டும் 250 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அது தவறு என்று குறிக்கப்பட்டது. பரிசு வேறு பிள்ளைகளுக்குப் போயிற்று.

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் தாளை நீட்டி, "மாமா, நான் எழுதினதுல எந்தக் குறிப்புப் பொய்யாகுது? அதை மட்டும் காட்டுங்க போதும்" என்றாள். நான் வரிவரியாகப் பார்த்தேன். 682: இதில் 2 மட்டும் சரி, அவள் எண்ணில் அது முதலில் நிற்கிறது, குறிப்பில் கடைசியில், இடம் தவறு. 147: ஒன்றும் இல்லை. 026: 0-உம் 2-உம் சரி, இரண்டும் இடம் மாறியவை. 835: 5 மட்டும் சரி, நடுவில் இருக்கவேண்டியது கடைசியில் இருக்கிறது. நான்கு குறிப்பும் நான்கு தூண் மாதிரி நின்றன. ஒன்றையும் அசைக்க முடியவில்லை.

நண்பரிடம் சொன்னபோது, "விடைத்தாளில் 360 என்றுதானே சார் இருக்கிறது?" என்றார். "விடைத்தாளை எழுதியது யார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், வீம்பு பிடிக்கவில்லை. மூவரும் உட்கார்ந்து மிச்சத்தையும் பார்த்தோம். 2 முதலில் என்றால், 0 நடுவில் வந்தால் கடைசியில் 3 தான் முடியும்: 203. 0 கடைசியில் வந்தால் நடுவில் 5 தான் முடியும்: 250. 6 நடுவில் என்றால் 0 கடைசிக்குப் போகவேண்டும். முதலில் 3-உம் வரலாம், 5-உம் வரலாம்: 360, 560. ஆக அந்தப் புதிருக்கு விடை ஒன்றில்லை, நான்கு!

இது எப்படி நேர்கிறது? புதிர் போடுகிறவர் விடையை முதலில் வைத்துக்கொள்கிறார். பிறகு அதற்குப் பொருந்தும் குறிப்புகளை ஒவ்வொன்றாக எழுதுகிறார். எழுதிய ஒவ்வொன்றும் அந்த விடைக்கு உண்மைதான். ஆனால் வேறு எந்த எண்ணுக்கும் அது உண்மையாகாது என்று அவர் பார்ப்பதில்லை. விடை தெரிந்தவர் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரியும். 'இந்த எண் பொருந்துகிறது' என்பது ஒரு செய்தி; 'இந்த எண் மட்டுமே பொருந்துகிறது' என்பது வேறொரு செய்தி. முதலாவதைக் காட்ட நான்கு வரிகள் போதும். இரண்டாவதைக் காட்டவேண்டுமானால் மற்ற 719 எண்களுக்கும் கதவைச் சாத்தியாக வேண்டும். 360 என்று எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள்? வழியில் ஒரு பொருத்தமான எண் தட்டுப்பட்டதும் அதோடு நின்றவர்களே அதிகம். 250 எழுதிய பெண்ணும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். அவளுக்கு வேறு கதவு முதலில் திறந்தது, அவ்வளவுதான். ஒரே முறையில் யோசித்தவர்களில் சிலருக்குப் பரிசு, ஒருத்திக்குச் சிவப்பு மை. இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்கமாட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சரியாக யோசித்ததற்குத் தவறு என்று குறி வாங்கும் பிள்ளை, கணக்கு என்பது பெரியவர் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வேலை என்று முடிவுகட்டிவிடும். அப்படி முடிவுகட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நண்பர் அவளுக்கும் ஒரு பரிசு கொடுத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். புதிரைச் செப்பனிடவேண்டும், 360 மட்டும் மிஞ்சவேண்டும், ஐந்தாவதாக ஒரே குறிப்புத்தான் சேர்க்கலாம் என்று வைத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் அந்தப் பெண் சொன்னது இது:

563: இரண்டு இலக்கங்கள் சரி, ஒன்று சரியான இடத்தில், மற்றது தவறான இடத்தில்.

பூட்டு 203 என்றால் 563-இல் 3 மட்டும் சரி, இடமும் சரி. 250 என்றால் 5 மட்டும் சரி, இடம் தவறு. 560 என்றால் 5, 6 இரண்டும் சரி, இரண்டும் தத்தம் இடத்தில். 360 என்றால் மட்டுமே 6 தன் இடத்தில், 3 இடம் மாறி. நான்கு எண்களுக்கும் நான்கு வேறு பதில்கள் வருகின்றன. 563 தானே விடையாக இருக்க வழியில்லை என்பது நமக்கு முன்பே தெரியும், ஏனென்றால் 5-உம் 3-உம் சேர்ந்து வர முடியாது. விடையாக முடியாத ஓர் எண் விடையைப் பிடித்துக் கொடுக்கிறது!

இதே விஷயத்தை உலகம் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறது. காகிதத்தில் எழுதி இருவர் ஆடும் 'காளையும் பசுவும்' என்ற ஆட்டம் பழையது. ஒருவர் நான்கு இலக்க எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வார். மற்றவர் ஓர் எண்ணைச் சொல்ல, சரியான இடத்தில் இருப்பதற்குக் காளை என்றும் இடம் மாறியதற்குப் பசு என்றும் பதில் வரும். இலக்கம் திரும்பாத 5,040 எண்களில் எதுவானாலும் ஏழு முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்று கணினி கொண்டு கண்டிருக்கிறார்கள். இலக்கத்துக்குப் பதில் வண்ணக் குமிழ்களை வைத்து 'மாஸ்டர்மைண்ட்' என்ற ஆட்டத்தை 1970-இல் உருவாக்கியவர் மொர்தகாய் மெய்ரோவிட்ஸ். அவர் இஸ்ரேலில் தபால், தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்தவர். தபாலுக்கும் எண் புதிருக்கும் ஏதோ பூர்வஜன்ம உறவு இருக்கும்போலும். இங்கிலாந்தின் இன்விக்டா நிறுவனம் அதை வெளியிட்டு உலகமெங்கும் விற்றது. ஆறு வண்ணம், நான்கு குழி, மொத்தம் 1,296 அமைப்புகள். 1977-இல் டொனால்ட் நூத் என்ற அமெரிக்கக் கணினியறிஞர், எந்த அமைப்பையும் அதிகபட்சம் ஐந்து முயற்சியில் கண்டுபிடிக்கும் வழியை எழுதிக் காட்டினார். அவருடைய வழியின் சாரம் எளிது: எந்தப் பதில் வந்தாலும், மிச்சமிருப்பவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும்படியான கேள்வியைக் கேள். அதற்காகச் சில இடங்களில், விடையாகவே இருக்க முடியாத ஒன்றையும் அவர் கேட்கச் சொல்கிறார். எங்கள் 563 அந்த இனத்தைச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த நான்கு எண்களும் மிஞ்சிய நிலையில், பதில் சொல்லும் ஒரு பூட்டு நம் கையில் இருக்கிறது என்று கொள்வோம். விடையாக இருக்கக்கூடிய ஒன்றையே சுழற்றிப் பார்த்தால் என்ன? 360, 203, 560 இவற்றில் எதைச் சுழற்றினாலும் மற்ற மூன்றுக்கும் வெவ்வேறு பதில் வரும். அடுத்த முறை நிச்சயம் திறந்துவிடலாம். ஆனால் 250-ஐச் சுழற்றினால், பூட்டு 203 ஆனாலும் 560 ஆனாலும் ஒரே பதில்தான் வரும்: ஒன்று இடம் சரி, ஒன்று இடம் தவறு. விடையாக அது மற்றவற்றுக்குச் சமம், கேள்வியாக மட்டம். இடக்கொச்சியிலிருந்து தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரி போகும் பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் நான்கு எண்களையும் எழுதிச் சரிபார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

'இதெல்லாம் புதிர்ப் பூட்டுக்குச் சரி, உண்மையான பூட்டு பேசுமா?' என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்குக் கிட்டங்கிகளின் கதவில் தொங்கும் கனத்த பூட்டுகளை நாம் பார்க்கிறோம்; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டையும் அறிவோம். அவை சாவியை நம்புபவை. சூட்கேஸில் இருக்கும் மூன்று சக்கரப் பூட்டு ஞாபகத்தை நம்புவது. அதில் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றால் மொத்தம் 3,000 விநாடி, அதாவது ஐம்பது நிமிடம். தர்க்கமே வேண்டாம், பொறுமையுள்ள எவரும் ஒரு சினிமா இடைவேளைக்குள் திறந்துவிடலாம். அந்தப் பூட்டு மரியாதைக்குத் தொங்குவது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கனமான பெட்டகங்களும் வாய் தவறிப் பேசியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அணுகுண்டு தயாரித்த லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஃபைன்மன் என்ற இளம் இயற்பியலறிஞர் பொழுதுபோக்காகப் பெட்டகப் பூட்டுகளை ஆராய்ந்தார். நூறு கோடுகள் உள்ள சுழல்தட்டில் மூன்று எண்கள். கணக்குப்படி பத்து லட்சம் சேர்க்கைகள். ஆனால் சரியான எண்ணுக்கு இரண்டு கோடு முன்னே பின்னே நின்றாலும் பூட்டு ஏற்றுக்கொள்கிறது என்று அவர் கண்டார். அப்படியானால் ஐந்து கோட்டுக்கு ஒன்று சுழற்றினால் போதும், நூறு இருபதாகிறது. 20 × 20 × 20 = 8,000. பத்து லட்சம் எங்கே, எட்டாயிரம் எங்கே! அதோடு, பெட்டகம் திறந்து கிடக்கும்போது சும்மா பேசிக்கொண்டே தட்டைத் திருகி, கடைசி இரண்டு எண்களையும் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்வாராம். பிறகு மிச்சம் இருபதே முயற்சி. இன்னொரு சமயம் சக விஞ்ஞானி ஒருவரின் பெட்டகங்களை 27-18-28 என்று சுழற்றித் திறந்தார். கணிதத்தில் புகழ்பெற்ற e என்ற மாறிலி 2.71828 என்று தொடங்கும். கணிதம் தெரிந்தவர் எதை வைத்திருப்பார் என்ற ஊகம் பலித்தது. பூட்டு பேசவில்லை; பூட்டியவருடைய பழக்கம் பேசியது.

நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். வங்கி அட்டைக்கு நான்கு இலக்க எண். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம். அஞ்சல் எண்ணையும் 'பின்' என்கிறோம், இதையும் 'பின்' என்கிறோம். ஒன்று எல்லோருக்கும் சொல்லவேண்டியது. மற்றது ஒருவருக்கும் சொல்லக்கூடாதது. வங்கி இயந்திரம் தவறான எண்ணுக்கு 'தவறு' என்று மட்டும் சொல்லும். எத்தனை இலக்கம் சரி, எது இடம் மாறியது என்று ஒருபோதும் சொல்லாது. சொல்லத் தொடங்கினால் நம் எட்டாம் வகுப்புப் பெண்ணே திறந்துவிடுவாள். அது வாய் மூடியிருப்பதால்தான் ஒரு தவறான முயற்சி பத்தாயிரத்தில் ஒன்றை மட்டும் கழிக்கிறது. சில முயற்சிகளுக்குப் பிறகு அட்டையும் முடங்கிவிடுகிறது.

ஆனால் நாம் வாய் மூடியிருக்கிறோமா? பிறந்த ஆண்டை வைத்துக்கொண்டால் 19-இல் தொடங்கும் நூறு எண்களுக்குள் வந்துவிடுகிறோம். பிறந்த தேதியும் மாதமும் என்றால் 366. அந்தத் தேதியை ஆதார் நகலாகவும் பிறந்தநாள் வாழ்த்தாகவும் ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம். இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். 'முழு எண் வேண்டாம் அம்மா, உங்கள் எண்ணில் பூஜ்யம் உண்டா என்று மட்டும் சொல்லுங்கள்' என்று யாராவது தொலைபேசியில் கேட்கிறார் என்று வையுங்கள். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால், மிஞ்சுவது 9 × 9 × 9 × 9 = 6,561. ஒரே சொல்லில் 3,439 எண்கள் போயின. கேட்டவருக்கு முழு எண் கிடைக்கவில்லை என்பதால் நாம் எதுவும் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இத்தகைய ஐந்தாறு சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பது, மேலே நான்கு வரிகளில் 720 நான்கான கதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தனியாக இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் 'எண்ணைச் சொல்லாதீர்கள்' என்று சொன்னால் போதாது. 'எண்ணைப் பற்றி எதுவுமே சொல்லாதீர்கள்' என்று சொல்லவேண்டும்.

கதவில் பொத்தான் பூட்டு வைத்திருப்போருக்கு ஒரு கொசுறு. நாளாக நாளாக அழுத்தும் பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். நான்கு பொத்தான்கள் தேய்ந்திருந்தால், பார்ப்பவர் முயலவேண்டிய வரிசைகள் 24. மூன்றே தேய்ந்திருந்தால், அதாவது ஓர் இலக்கம் இரண்டு முறை வந்திருந்தால், எளிது என்று தோன்றும். ஆனால் எது திரும்பியது என்பதற்கு மூன்று வழி, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வரிசை, மொத்தம் 36. இரண்டே தேய்ந்திருந்தால் 14 தான். ஓர் இலக்கத்தை மட்டும் திருப்பி வைப்பது நல்லது. அதற்கு மேல் சோம்பல் கூடாது.

பிறந்தநாளும் கூடாது, மறக்கவும் கூடாது என்றால் எதை வைப்பது? கேரள மண்ணில் இதற்கு ஒரு பழைய உபாயம் செல்வாக்கோடு இருந்தது: கடபயாதி. எழுத்துக்கு எண் கொடுத்து, வலமிருந்து இடமாகப் படிப்பது. மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி நாராயணீயத்தை 'ஆயுராரோக்யஸௌக்யம்' என்று முடித்தார். உயிரெழுத்துக்கு 0, ய-வுக்கு 1, ர-வுக்கு 2, ஸ-வுக்கு 7. கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் எடுக்கவேண்டும். திருப்பிப் படித்தால் 1712210. கலியுகம் தொடங்கி அத்தனையாவது நாளில் நூல் நிறைவுற்றது. நம் கணக்கில் 1586-ஆம் ஆண்டு. ஒரு வாழ்த்துக்குள் ஒரு தேதி! நம்முடைய மேளகர்த்தா ராகப் பெயர்களும் இதே முறைதான்: மேசகல்யாணிக்கு ம 5, ச 6, திருப்பினால் 65, தீரசங்கராபரணத்துக்கு 29, ஹரிகாம்போதிக்கு 28. பிடித்த இரண்டு ராகங்களை அடுத்தடுத்து வைத்தால் நான்கு இலக்கம் ஆயிற்று. என் வீட்டு எண் என்ன ராகம் என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன மூன்றும் இல்லை. (இந்தச் சொல்லே ஒரு குறிப்பு ஆகிவிட்டதோ?)

போட்டி நடத்த விரும்பும் அன்பர்களுக்காக இதோ ஒரு புதிய பூட்டு. விதிகள் முன்போலவே, இலக்கம் திரும்பாது, பூஜ்யம் முதலிலும் வரலாம்.

972: ஓர் இலக்கம் சரி, இடமும் சரி.
586: எதுவுமே சரியில்லை.
210: ஓர் இலக்கம் சரி, இடம் தவறு.
473: ஓர் இலக்கம் சரி, இடமும் சரி.

முதல் மூன்று குறிப்புகளோடு பன்னிரண்டு எண்கள் மிஞ்சும். அந்தப் பன்னிரண்டையும் பட்டியலிட்டுவிட்டு நான்காவதற்கு வாருங்கள். விடை ஒன்றே ஒன்றுதான் என்பதை, 250 எழுதிய அதே பெண் சரிபார்த்துவிட்டாள். பிள்ளைகள் எழுதி அனுப்பும்போது எண்ணை மட்டும் அனுப்பவேண்டாம். மற்ற பதினொன்றும் ஏன் ஆகாது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். மதிப்பெண் அதற்குத்தான்.